கணக்கு எழுதுவதும் ஓர் அமானிதம்: அக்கவுண்டிங் டெக்னீசியன் படிப்புக்கு ஒரு வழிகாட்டி



பிளஸ் டூ தேர்வு முடிவு வந்துவிட்டால் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் கூட்டம் கூடிவிடும். அறிவியல் பிரிவு எடுத்த பிள்ளைகளின் பெற்றோருக்குச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். வணிகவியல் எடுத்த பிள்ளையின் அத்தா வந்து உட்கார்ந்தால் அவர் கேட்பது மூன்றே கேள்விகள்தான். "மூணு மாசம் டேலி போட்டால் போதுமா? பி.காம். சேர்க்கலாமா? சி.ஏ. எல்லாம் நம்ம பிள்ளைகளால் முடியுமா?"

மூன்று மாத டேலிக்கும் சி.ஏ. என்ற மலை உச்சிக்கும் நடுவில் நின்று இளைப்பாறவும், அங்கேயே தங்கி ஹலாலாகச் சம்பாதிக்கவும் இடம் இருக்கிறது. அதற்கு அக்கவுண்டிங் டெக்னீசியன் என்று பெயர். கணக்கராக வேலை செய்யத் தகுதி உண்டு என்று முறையான தொழில் நிறுவனம் ஒன்று தேர்வு வைத்துத் தரும் சான்றிதழ் அது. இந்த இதழில் அதை அடையும் வழியை, முதல் பாடத்தோடு சேர்த்தே எழுதுகிறேன்.

26 கிலோ மூட்டை

முதலில் கணக்கர் என்ன வேலை செய்கிறார் என்று பார்ப்போம். வீட்டில் இருக்கும் அரிசி மூட்டையைத் திருப்பிப் பாருங்கள். பல மூட்டைகளில் 26 கிலோ என்று அச்சிட்டிருக்கும். முன்பெல்லாம் 25 கிலோதானே? அந்த ஒரு கிலோ ஏன் கூடியது?

2022-ஆம் ஆண்டு ஜூலை 18 முதல், 25 கிலோ வரை முன்கூட்டியே பையிலிட்டு விவரம் அச்சிட்டு விற்கும் அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. 25 கிலோவுக்கு மேற்பட்ட பைக்கு அந்த வரி இல்லை. ஆகவே ஆலைகள் பலவும் 26 கிலோ பைக்கு மாறின. அறிவிப்பைப் படித்து, முதலாளியிடம் சரியாகச் சொல்லத் தெரிந்தவர் ஆலையில் இருந்தால் மறுவாரமே பை மாறும். இல்லாவிட்டால் வரி கட்டியோ கட்டாமலோ மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கள்ளக்குறிச்சியைச் சுற்றி அரிசி ஆலைகள் இருக்கின்றன. சின்னசேலம் பக்கம் மரவள்ளியும் ஜவ்வரிசியும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆன பிறகு அலுவலகங்களும் பெருகிவிட்டன. இவை எல்லாவற்றுக்கும் கணக்கர் வேண்டும். இன்று ஒரு சிறு நிறுவனத்தின் கணக்கர் மாதந்தோறும் நினைவில் வைக்க வேண்டிய தேதிகளை மட்டும் சொல்கிறேன்:

7-ஆம் தேதி: பிடித்தம் செய்த வருமான வரியை, அதாவது டி.டி.எஸ்.ஸை, அரசுக்குச் செலுத்த வேண்டும்.

11-ஆம் தேதி: போன மாத விற்பனை விவரம், ஜி.எஸ்.டி.ஆர்.-1.

15-ஆம் தேதி: தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும்.

20-ஆம் தேதி: வரி கட்டி ஜி.எஸ்.டி.ஆர்.-3பி தாக்கல்.

மாதம் தவறாமல் இது நடக்க வேண்டும். 3பி தாமதமானால் வரி உள்ள கணக்குக்கு நாளொன்றுக்கு ரூ.50 என்று, உச்சவரம்பு வரை, கட்டணம் ஏறும். வரி பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு. வட்டியை விட்டு விலகி நிற்க நினைக்கும் நம் வியாபாரிகள், தேதி தவறிய ஒரே காரணத்துக்காக அரசுக்கு வட்டி கட்டுவதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

இன்னொரு உதாரணம். இங்கிருந்து இரும்புச் சாமான் ஏற்றி சேலத்துக்கு லாரி அனுப்பினால், தமிழ்நாட்டுக்குள் என்பதால் சரக்கின் மதிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான் இ-வே பில் வேண்டும். அதே லாரி புதுச்சேரிக்குப் போனால் அது தனி ஒன்றியப் பிரதேசம். 50,000 ரூபாயைத் தாண்டினாலே வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் வழியில் லாரி நின்றால் யார் யாருக்கு நஷ்டம் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். டேலி நல்ல கருவிதான். ஆனால் அது பேனாவைப் போன்றது. எதை எங்கே எழுத வேண்டும் என்று தெரிந்தவர் கையில்தான் அது எழுதும். மூன்று மாதத்தில் பொத்தான்களைக் கற்றுக்கொண்டு ஆலையில் சேர்ந்த நம் பிள்ளைகள் பலர் பத்து வருடம் கழித்தும் அதே நாற்காலியில், ஏறக்குறைய அதே சம்பளத்தில் இருக்கிறார்கள். வேலை தெரியும், நிரூபிக்கக் கையில் தாள் இல்லை.

எழுதாததால் வந்த வடு

நம் அறக்கட்டளையிலேயே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல வருடங்களுக்கு முன் நம் வரவு செலவை ஒரு பெரியவர் பார்த்து வந்தார். ஐந்து வேளையும் முதல் ஸஃப்பில் நிற்பவர். ஒரு ரூபாய்க்கும் ஆசைப்படாதவர். நள்ளிரவில் யாராவது மருத்துவச் செலவுக்கென்று கதவைத் தட்டினால் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைப்பார். சில நாள் குறிக்க மறந்தும் போவார்.

அந்த ஆண்டு தணிக்கையில் 23,400 ரூபாய்க்கு ரசீது இல்லை. அவர் எடுக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் "தெரியும்" என்பது கணக்கில் செல்லாது. டீக்கடையில் பேச்சு கிளம்பியது. எங்கள் நிர்வாகத்திலேயே இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்களே தவிர வாய் திறந்து மறுக்கவில்லை. அந்த இருவரில் நானும் ஒருவன். பெரியவர் தன் கைப்பணத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு விலகிக்கொண்டார். பிறகு வக்தோடு தொழ வருவார், கடைசி ஸஃப்பில் நின்றுவிட்டுப் போய்விடுவார். அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக.

அவர் செய்த தவறு எழுதாதது. நாங்கள் செய்த தவறு எழுதத் தெரிந்த ஒருவரை அவருக்குத் துணையாக வைக்காதது.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையையோ நோன்பையோ பற்றியதல்ல. அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது (2:282). தவணைக் கடனை எழுதிக்கொள்ள வேண்டும், எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், எழுதத் தெரிந்தவர் மறுக்கக் கூடாது, சிறிய தொகையாயினும் சலிப்படையாமல் எழுத வேண்டும், சாட்சி வைக்க வேண்டும் என்று அது போதிக்கிறது. சந்தேகத்தை அகற்ற இதுவே நெருக்கமான வழி என்றும் காரணம் காட்டுகிறது. மதரஸாவில் ஓதிய காலத்தில் இந்த வசனத்தை மனப்பாடம் செய்தேன். அதன் பொருள் அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. எழுத்து, நேர்மையானவரைப் பாதுகாக்கும் கோட்டை.

யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது தம்மிடம் உள்ள இரண்டு தகுதிகளைச் சொன்னதாகக் குர்ஆன் கூறுகிறது (12:55). ஒன்று பாதுகாக்கும் பண்பு, மற்றது அறிவு. நேர்மை மட்டும் இருந்து அறிவு இல்லாவிட்டால் நம் பெரியவரின் நிலை. அறிவு மட்டும் இருந்து நேர்மை இல்லாவிட்டால் என்னவாகும் என்று பத்திரிகைகளில் படிக்கிறோம். நேர்மையை வீடும் மதரஸாவும் கற்றுக்கொடுக்கட்டும். அறிவுக்கு வழி கீழே.

முதல் பாடம்: பற்று நோட்டு

இரட்டைப் பதிவு முறை என்றால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். நம் மளிகைக் கடைப் பற்று நோட்டை வைத்தே அதைப் புரிந்துகொள்ளலாம்.

ஒரு வாடிக்கையாளர் 1,200 ரூபாய்க்கு அரிசி கடனாக வாங்குகிறார். கடைக்காரர் நோட்டில் அவர் பக்கத்தில் "பற்று 1,200" என்று எழுதுகிறார். பத்து நாள் கழித்து அவர் 500 ரூபாய் தருகிறார். "வரவு 500" என்று எழுதுகிறார். பாக்கி 700. இது வரை எல்லோருக்கும் தெரியும்.

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் வகுப்பில் ஆசிரியர், "ரொக்கம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று எழுது" என்கிறார். பிள்ளை குழம்பிவிடுகிறான். பணம் வந்தால் வரவு அல்லவா? கடையில் அத்தா அப்படித்தானே எழுதினார்?

அத்தா எழுதியதும் சரி, ஆசிரியர் சொல்வதும் சரி. அத்தா எழுதியது வாடிக்கையாளரின் கணக்கு. அவர் கொடுத்தார், ஆகவே அவருக்கு வரவு. ஆசிரியர் சொல்வது கல்லாப்பெட்டியின் கணக்கு. பெட்டி வாங்கிக்கொண்டது, ஆகவே அதன் மேல் பற்று. வாங்கியவர் மேல் பற்று, கொடுத்தவருக்கு வரவு. கல்லாப்பெட்டியையும் ஓர் ஆளாக நினைத்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்தது. ஒவ்வொரு நடவடிக்கையிலும் வாங்கியவர் ஒருவர், கொடுத்தவர் ஒருவர் என இருவர் இருப்பதால் எழுத்தும் இரண்டு.

மேலே சொன்ன கணக்கை முழுதாக எழுதினால்:

அரிசி விற்றபோது: வாடிக்கையாளர் பற்று 1,200, விற்பனை வரவு 1,200.

பணம் வந்தபோது: ரொக்கம் பற்று 500, வாடிக்கையாளர் வரவு 500.

பற்றுகளின் கூட்டுத்தொகை 1,700. வரவுகளின் கூட்டுத்தொகையும் 1,700. கடை நோட்டில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. ஆகவே ஒரு எண்ணைத் தவறாக எழுதினால் யாருக்கும் தெரியாது. இரண்டு பக்கம் எழுதும்போது ஒன்றை ஒன்று சரிபார்க்கிறது. இரண்டும் சமமாக வருகிறதா என்று பார்க்கும் பட்டியல்தான் இருப்பாய்வு. இரண்டு பக்கமும் ஒரே தவறைச் செய்தால் இருப்பாய்வும் ஏமாந்துவிடும். 1,200-ஐ இரண்டு இடத்திலும் 2,100 என்று எழுதினால் பட்டியல் சமமாகவே வரும். அதனால்தான் ரசீது வேண்டும், சரக்கை எண்ணிப் பார்க்க வேண்டும், வங்கிப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும்.

இதை இன்றே வீட்டில் செய்து பாருங்கள். ஒரு மாதம் வீட்டுச் செலவை இரட்டைப் பதிவில் எழுதும் பிள்ளைக்கு இந்தத் தொழில் வருமா வராதா என்று மாத முடிவில் தெரிந்துவிடும். ஒரு ரூபாய் இடித்தால் தூக்கம் வராமல் தேடுகிறவர்தான் கணக்கர்.

வழிகள்

1. அரசுத் தொழில்நுட்பத் தேர்வு. தட்டச்சு நிலையங்களில் படித்து எழுதும் தட்டச்சு, சுருக்கெழுத்துத் தேர்வுகளை நாம் அறிவோம். அவற்றை நடத்தும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் கணக்கியலுக்கும் தேர்வு நடத்துகிறது. அலுவலகக் கணினிப் பயிற்சிக்கான சான்றிதழ்த் தேர்வும் உண்டு. செலவு குறைவு. அரசு வேலைக்கு முயல்பவருக்குத் தட்டச்சோடு சேர்ந்து இது கைகொடுக்கும்.

2. கூட்டுறவு மேலாண்மைப் பட்டயப் பயிற்சி. தமிழ்நாடு கூட்டுறவு ஒன்றியத்தின் நிலையங்களில் நடக்கிறது. கணக்கு, தணிக்கை, கூட்டுறவுச் சட்டம், கணினி, நகை மதிப்பீடு ஆகியவை பாடங்கள். தமிழிலேயே படிக்கலாம். கூட்டுறவுச் சங்க வேலைகளுக்கு இந்தப் பயிற்சியைக் கேட்கிறார்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்திலிருந்து கச்சிராயபாளையம் இறங்கி வந்து படிக்கும் மலைவாழ் பிள்ளைகளுக்கு இதை முக்கியமாகச் சொல்கிறேன். மலைவாழ் மக்களுக்கென்று பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. கடுக்காயும் சாமையும் மரவள்ளியும் எடை போடும் இடத்தில் நம் மலைப் பிள்ளையே கணக்கெழுதினால் எடையும் சரியாக இருக்கும், எழுத்தும் சரியாக இருக்கும். வட்டி தொடர்பான கேள்வியை நம் பிள்ளைகள் கட்டுரையின் பின்பகுதியில் பார்த்துக்கொள்ளவும்.

3. அக்கவுண்டிங் டெக்னீசியன் சான்றிதழ். இதுதான் இந்தக் கட்டுரையின் மையம். இந்திய காஸ்ட் அக்கவுண்டன்ட்ஸ் நிறுவனம் இதை நடத்துகிறது. அது 1959-ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டத்தால் ஏற்பட்ட நிறுவனம். படிப்பின் பெயர் சர்டிபிகேட் இன் அக்கவுண்டிங் டெக்னீசியன்ஸ். சுருக்கமாக "கேட்" என்பார்கள். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கும் அதே சுருக்கப் பெயர் இருப்பதால் பிள்ளைகள் இணையத்தில் தேடும்போது வேறெங்கோ போய்விடுகிறார்கள். கவனம் தேவை.

பிளஸ் டூ தேறியவர் சேரலாம். எந்தப் பிரிவு என்ற தடை இல்லை. படிப்பு இரண்டு கட்டமாக இருக்கிறது. முதல் கட்டம் தொடக்க நிலை, இரண்டாவது கட்டம் திறன் நிலை. நிதிக் கணக்கு, தொழில் வணிகச் சட்டங்கள், அரசுக்குத் தாக்கல் செய்ய வேண்டியவை என்று அன்றாட வேலைக்குத் தேவையானவையே பாடம். கணினிப் பயிற்சியும் நேரடிப் பயிற்சியும் சேர்ந்து வரும்.

இதில் இன்னொரு வாசலும் திறக்கிறது. தொடக்க நிலை தேறியவர் விரும்பினால் அதே நிறுவனத்தின் சி.எம்.ஏ. படிப்பில் அடிப்படைத் தேர்வை எழுதாமல் நேராக இடைநிலையில் சேர விதி இடம் தருகிறது. அந்த நிறுவனத்துக்கு நெய்வேலியிலும் மேட்டூர்–சேலத்திலும் கிளைகள் இருக்கின்றன. சேருவதற்கு முன் அவ்வாண்டின் தகவல் கையேட்டை நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்து இறக்கிப் படியுங்கள். கட்டணமும் பாடத்திட்டமும் அவ்வப்போது மாறும். "நாங்கள் சேர்த்துவிடுகிறோம்" என்று பணம் கேட்கும் இடைத்தரகர் யாரையும் நம்ப வேண்டாம்.

4. சி.ஏ. வழியில் பாதியில் நிற்பவர்களுக்கு. நம் ஊரில் சி.ஏ. படிக்கப் போய் இடைநிலை தேறி, இறுதித் தேர்வில் மூன்று நான்கு தடவை தவறி, வெட்கத்தோடு ஊர் திரும்பி, "படிப்பு சரிப்படவில்லை" என்று மட்டும் சொல்லும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கல்யாணப் பேச்சிலும் அதைச் சொல்லிக் குத்துகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது: நீங்கள் தோற்றவர்கள் அல்லர், தளத்தில் நிற்பவர்கள்.

1949-இல் ஏற்பட்ட இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 2023-இல் கொண்டுவந்த புதிய திட்டத்தில் இதற்கென்றே வழி செய்திருக்கிறது. இடைநிலையின் இரு பிரிவுகளும் தேறி, இரண்டாண்டு நேரடிப் பயிற்சியும் உரிய இணையவழிப் பாடங்களும் முடித்து, இறுதித் தேர்வில் மட்டும் தேற முடியாதவருக்கு "பிசினஸ் அக்கவுண்டிங் அசோசியேட்" என்ற சான்றிதழ் உண்டு. இதற்கு முன்பும் அக்கவுண்டிங் டெக்னீசியன் என்ற பெயரிலேயே அந்நிறுவனம் சான்றிதழ் கொடுத்து வந்தது. ஆகவே வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அவருடைய பதிவு எண்ணோடு நிறுவனத்துக்கு எழுதி, தனக்கு எது கிடைக்கும் என்று கேட்கச் சொல்லுங்கள்.

புதிதாகச் சேருபவருக்கு: சி.ஏ. அடிப்படைத் தேர்வில் நான்கு தாள்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். அடிப்படை, இடைநிலைத் தேர்வுகள் 2024 முதல் ஆண்டுக்கு மூன்று முறை நடக்கின்றன. ஆகவே ஒரு முறை தவறினால் ஒரு வருடம் போய்விட்டது என்ற பழைய பயம் இப்போது இல்லை.

5. பி.காம். அதை விட வேண்டாம். கல்லூரியில் சேர்ந்துகொண்டே மூன்றாவது வழியையும் தொடரலாம். அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அதைச் சேர்த்து வைத்தாலே தேர்வுக் கட்டணத்தில் பெரும்பகுதி வந்துவிடும். பி.காம். முடித்தவர் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிவு செய்து, அதற்குரிய தேர்வையும் தேறி, தனியாகவே தொழில் செய்யலாம். வெளியே சென்று வேலை பார்க்க இயலாத நம் சகோதரிகள் வீட்டிலிருந்தே பத்துக் கடைகளின் கணக்கைப் பார்க்க இது நல்ல வழி.

தமிழ் வழியில் படித்தவருக்கு

தேர்வு ஆங்கிலத்தில் என்றவுடன் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். கடலுக்கு அப்பால் இலங்கையில் 1987 முதல் இயங்கும் கணக்கியல் தொழில்நுட்பவியலாளர் சங்கம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் தேர்வு நடத்துகிறது. யாழ்ப்பாணத்திலோ கல்முனையிலோ உள்ள பிள்ளை தன் தாய்மொழியிலேயே எழுதித் தொழிலுக்குள் நுழைய முடிகிறது. இங்கும் அந்த நாள் வர வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாது.

எனக்குத் தெரிந்த வழி இது. கணக்கில் ஆங்கிலம் என்பது சுமார் முந்நூறு சொற்கள்தான். பிளஸ் டூ தமிழ்ப் புத்தகத்தில் உள்ள சொல்லுக்கு நேரே ஆங்கிலச் சொல்லை எழுதி ஒரு நோட்டுப் போடுங்கள். குறிப்பேடு ஜர்னல், பேரேடு லெட்ஜர், இருப்பாய்வு டிரையல் பேலன்ஸ், தேய்மானம் டிப்ரிசியேஷன், கடனீந்தோர் கிரெடிட்டர்ஸ், இருப்புநிலைக் குறிப்பு பேலன்ஸ் ஷீட். தினம் ஐந்து சொல் என்றால் இரண்டே மாதம். அரபு எழுத்தே தெரியாமல் மக்தபில் சேர்ந்து, ஒரு வருடத்தில் குர்ஆனைத் தஜ்வீதோடு ஓதும் பிள்ளைகளுக்கு இது பெரிய காரியமா?

சட்டப் பாடத்துக்கு மட்டும் எழுத்துப் பயிற்சி வேண்டும். தினமும் ஒரு கேள்விக்கு அரைப் பக்கம் பதிலை ஆங்கிலத்தில் கையால் எழுதிப் பாருங்கள். படித்தது வேறு, எழுதியது வேறு.

நேரத்தைப் பொறுத்தவரை, வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் ஃபஜ்ருக்குப் பிந்திய ஒன்றரை மணி நேரத்தைக் கணக்குக்கு வையுங்கள். இரவு இஷாவுக்குப் பின் முக்கால் மணி நேரம் சட்டம். வாரம் ஒரு நாள் பழைய கேள்வித்தாளைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள். ஆலையிலோ கடையிலோ வேலை பார்ப்பவர், தான் அன்றாடம் டேலியில் போடும் பதிவைத் தாளில் பற்று, வரவாக எழுதிப் பார்த்தால் அதுவே பயிற்சி.

வட்டிக் கணக்கு எழுதலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் நம் பெற்றோர்கள் எழுந்து போவதில்லை. கேட்கவும் வேண்டும். வட்டி வாங்குபவர், கொடுப்பவர் ஆகியோரோடு அதை எழுதுபவரையும் சாட்சிகளையும் சேர்த்து நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஆகவே வட்டிக்குக் கடன் கொடுப்பதே தொழிலாக உள்ள இடத்தில் கடன் பத்திரம் எழுதும் வேலை வேறு. அரிசி ஆலையிலோ மருத்துவமனையிலோ துணிக்கடையிலோ நடந்ததை நடந்தபடி பதிவு செய்யும் வேலை வேறு. நான் ஃபத்வா சொல்லும் தகுதி உள்ளவன் அல்லன். வேலையின் விவரத்தை முழுதாக எடுத்துச் சொல்லி, உங்கள் பள்ளி இமாமிடமோ நம்பகமான ஆலிமிடமோ கேட்டு முடிவெடுங்கள். கேட்கவே தயங்கி, வந்த நல்ல வேலைகளையும் விட்டுவிடுவது சரியல்ல.

இதே தொழிலின் மறுபக்கத்தையும் பாருங்கள். ஜகாத் 2.5 சதவீதம் என்று எல்லோருக்கும் தெரியும். எதன் மேல் 2.5? கையிருப்பு, சரக்கின் மதிப்பு, வர வேண்டிய கடன், கொடுக்க வேண்டிய கடன் எல்லாம் தெரிந்தால்தானே கணக்கிட முடியும்? ரமலானில் "ஏதோ ஒரு குத்துமதிப்பா கொடுத்துடறேன் பாய்" என்று சொல்லும் வியாபாரியிடம் ஒரு நல்ல கணக்கர் இருந்தால், அந்த ஏழையின் உரிமை ஒரு ரூபாயும் குறையாமல் போய்ச் சேரும். நம் பள்ளிவாசல்கள், வக்ஃப் சொத்துகள், அறக்கட்டளைகள் எல்லாம் ஆண்டுதோறும் கணக்குக் காட்டவும் தணிக்கைக்கு வைக்கவும் கடமைப்பட்டவை. முத்தவல்லிகள் பலர் நல்லவர்கள். ஆனால் பதிவேடு எழுத ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள். உமர் (ரலி) அவர்கள் காலத்தில் திவான் என்ற பதிவேடுகளை ஏற்படுத்தி, யாருக்கு எவ்வளவு என்று பெயர் வாரியாக எழுதிய சமுதாயம் நாம்.

நாம் செய்யப் போவது

இந்த ஆண்டு நம் கல்வி நிதியிலிருந்து, வசதியற்ற மாணவ மாணவியருக்கு மூன்றாவது வழியின் முதல் கட்டக் கட்டணத்தை ஏற்க நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. தேறிய சான்றைக் கொண்டுவந்தால் இரண்டாம் கட்டத்துக்கும் உண்டு. ஜகாத் நிதியிலிருந்து கொடுப்பதானால் அதற்குரியவர் கையில் உரிமையாகவே ஒப்படைப்போம். மற்றவருக்கு ஸதகா நிதியிலிருந்து. மலையிலிருந்து வரும் பிற சமுதாயப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். பசிக்கும் படிப்புக்கும் சாதி மதம் இல்லை. ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் அலுவலகத்தில் சந்தேகம் தீர்க்கும் வகுப்பு நடக்கும், இன்ஷா அல்லாஹ். பெண்களுக்குத் தனி இட வசதி உண்டு.

விண்ணப்பிக்க வருபவர்கள் மதிப்பெண் பட்டியலோடு இன்னொன்றும் கொண்டு வர வேண்டும். மேலே சொன்னபடி ஒரு மாத வீட்டுக் கணக்கை இரட்டைப் பதிவில் எழுதிய நோட்டு. அழகாக இருக்க வேண்டியதில்லை. உண்மையாக இருக்க வேண்டும். இடித்த ரூபாயை இடித்தது என்றே எழுதிக்கொண்டு வாருங்கள். சேர்ந்து தேடுவோம்.

ஆலை, கடை நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் கணக்கெழுதும் பிள்ளை படிக்க விரும்பினால் தேர்வுக்கு முன் பத்து நாள் விடுப்புக் கொடுங்கள். தேறி வந்தால் சம்பளத்தை உயர்த்துங்கள். உங்கள் கணக்கைத்தான் அவர் பாதுகாக்கப் போகிறார்.

நம் அறக்கட்டளையின் வரவு செலவுக் கணக்கு இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். அந்தப் பெரியவருக்கு நாங்கள் செய்யத் தவறியதை, இனி இந்தப் பொறுப்பில் அமரும் பிள்ளைகளுக்காவது செய்ய வேண்டும்.

கணக்குக் கேட்கப்படும் அந்த நாளில் நம் ஏட்டை வலக்கையில் பெறும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்